நன்றாக இருக்கிற கையைக் கட்டிவைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

முல்லைக்கொடி
ஜூன் 9, இரவு 10.40

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். மகனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. வலது பக்க ஹெமிப்ளீஜியா, அதாவது மூளையில் அடிபட்டதால் ஒரு பக்கக் கையும் காலும் சரியாக இயங்காத நிலை. நடப்பான், ஓடுவான், வாய் ஓயாது. ஓடும்போது மட்டும் வலது முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, கை நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும்.

ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோதே கிலுகிலுப்பையை வலது பக்கம் நீட்டினாலும் உடம்பைத் திருப்பி இடதுகையால்தான் பிடுங்குவான். "தாத்தா மாதிரியே இடதுகைக்காரன்" என்று வீட்டில் ஒரே பெருமை. நானும் சேர்ந்து சிரித்தேன். பத்தாம் மாதம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸம்மாதான், "அந்தக் கையை ஏன் எப்பவும் மூடியே வச்சிருக்கான்?" என்று கேட்டார். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் பழைய அடைப்பின் தழும்பு இருந்தது. பிரசவத்தை ஒட்டி வந்த ஸ்ட்ரோக்காக இருக்கும் என்றார்கள். கைக்குழந்தைக்கு ஸ்ட்ரோக் வரும் என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

போன வாரம் புதிதாக ஒரு தெரபி சென்டரில் சேர்த்தோம். முதல் நாளே இடதுகைக்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றி, "தூங்கும் நேரம் தவிர ஒரு மாதம் கழற்றக் கூடாது. வேறு வழியில்லை என்றால் வலதுகை தானாக வேலை செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் ஆயிற்று. டம்ளரைத் தூக்க முடியவில்லை. டவுசரை இறக்க முடியாமல் இரண்டு தடவை நனைத்துக்கொண்டான். நேற்று ராத்திரி, "அம்மா, என் நல்ல கை என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டான். அவிழ்த்துவிட்டேன்.

மாமியார் இந்தக் கட்டுக்கு முழு ஆதரவு. பீச்சாங்கையால் சோறு தின்கிற பிள்ளையைப் பந்தியில் எப்படி உட்கார வைப்பது என்பது அவர் கவலை. வீட்டுக்காரர், "அவங்க படிச்சவங்க, சொன்னதைச் செய்" என்கிறார். கட்டுவதா வேண்டாமா? சாப்பாடு எந்தக் கையில்? இந்த மாதம் யு.கே.ஜி. போகிறான், எழுதப் பழக்குவது எந்தக் கையில்?


பாப்பா அப்பா
ஜூன் 9, இரவு 11.15

தங்கச்சி, அவிழ்த்தது சரி. அதற்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் திருச்சி. மகளுக்கு 9 வயது, இடது பக்கம். நாங்களும் கட்டினோம், ஆனால் பேண்டேஜ் இல்லை. பழைய சாக்ஸில் யானை முகம் தைத்து நல்ல கையில் மாட்டுவோம். யானை தூங்கும், மற்ற கை விளையாடும். நாளைக்கு இரண்டு மணி நேரம், எட்டு வாரம். அந்த நேரத்தில் சாப்பாடு கிடையாது, பாத்ரூம் கிடையாது, மாடிப்படி கிடையவே கிடையாது. விழுந்தால் ஊன்ற கை வேண்டாமா?

விளையாட்டுதான் முக்கியம். என் மகளுக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். கட்டையை எடுத்துவிடுவாள், அப்புறம் விரல் திறக்காது. மேசை விளிம்பில் தேய்த்துக் கீழே தள்ளுவாள், இல்லையென்றால் மற்ற கையால் பிடுங்குவாள். எங்கள் தெரபிஸ்ட் பல்லாங்குழிப் பலகையை எடுத்துவரச் சொன்னார். புளியங்கொட்டைக்குப் பதிலாகப் பெரிய சோழி. முதல் வாரம் ஒரு குழியில் ஒரு சோழியைப் போட்டு முடிப்பதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடலாம். எட்டாவது வாரம் ஏழு குழியையும் சுற்றி வந்தாள். ஒவ்வொரு வாரமும் அவர் வந்து பார்த்து விளையாட்டை மாற்றுவார். சோழி சுலபமானால் பட்டன், பட்டன் சுலபமானால் சீட்டுக்கட்டு. உங்களுக்கு அந்தப் பாதியைச் சொல்லாமலே கட்டை மட்டும் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள்.


வைகைக்கரை
ஜூன் 10, காலை 6.20

சகோதரி, இந்தக் கை கால் பயிற்சியெல்லாம் காலத்தை ஓட்டுகிற வேலை. என் மச்சினர் பிள்ளைக்கு ஸ்டெம் செல் போட்டோம். நல்ல முன்னேற்றம். செலவு கொஞ்சம் ஆகும். விவரம் வேண்டுமென்றால் தனிமடலில் வாருங்கள்.


நெறியாளர்
ஜூன் 10, காலை 8.05

வைகைக்கரை, சிகிச்சை மையங்களுக்கு ஆள் சேர்ப்பது இங்கே விதிமீறல். மற்றவர்களுக்காக: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்க அனுமதி இல்லை. முறையாகப் பதிவுசெய்த ஆய்வில் கொடுக்கலாம். அதற்குப் பெற்றோரிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.


ஓ.டி. அக்கா
ஜூன் 10, மதியம் 2.30

முல்லைக்கொடி அம்மா, நான் குழந்தைகளோடு இருபது வருடமாக வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவள். பையனைப் பார்க்காமல் அவனுக்கென்று எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாக எழுதுகிறேன், உங்கள் தெரபிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதிலேயே இருக்கும்.

கட்டிவைக்கும் யோசனை குரங்குகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்பவர் குரங்கின் ஒரு கைக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். அசைக்கும் நரம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் குரங்கு அந்தக் கையைத் தொங்கப்போட்டுவிட்டு மற்ற கையாலேயே காலத்தை ஓட்டியது. நல்ல கையைக் கட்டியதும் கைவிட்ட கையை எடுத்தது. (அந்தக் குரங்குகளை வைத்திருந்த நிலைமைக்காக 1981-ல் போலீஸ் புகுந்து வழக்கானது, அமெரிக்க விலங்குரிமை இயக்கமே அதில்தான் பெரிதானது. அது தனிக்கதை.) பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு இதைச் செய்தார்கள், பலன் இருந்தது. அதற்கும் பிறகுதான் குழந்தைகளுக்கு வந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஐம்பது வயதில் பக்கவாதம் வந்தவருக்கு அந்தக் கை நேற்றுவரை சட்டைப் பொத்தான் போட்ட கை. உங்கள் பையனின் வலதுகை ஒரு நாளும் எதையும் பழகியதே இல்லை. பெரியவர் மறந்ததை மீட்கிறார், இவன் முதல்முறையாகக் கற்கிறான். கற்பதற்கு ஆள் வேண்டும், விளையாட்டு வேண்டும், அவன் திறமைக்கு ஒரு படி மட்டும் மேலே இருக்கிற வேலை வேண்டும். அதெல்லாம் இல்லாமல் கட்டினால் மிச்சம் கோபமும் நனைந்த டவுசரும்தான்.

ஸ்வீடனில் ஒரு வயதுகூட ஆகாத குழந்தைகளுக்குச் செய்தது நாளைக்கு அரை மணி நேரம், ஆறு வாரம். அப்புறம் ஆறு வாரம் ஓய்வு, மறுபடி ஆறு வாரம். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் என்பது பரவலான அளவு, பாப்பா அப்பா சொன்ன மாதிரி. விழித்திருக்கும் நேரமெல்லாம், அதுவும் ஒரு மாதம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் செய்ய மாட்டேன்.

கட்டாமலேயும் ஒரு வழி இருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் என்பவரின் குழு, இரண்டு கையும் சேர்ந்தால்தான் நடக்கிற விளையாட்டுகளை மட்டும் நாளைக்கு 6 மணி நேரம், 15 நாள், மொத்தம் 90 மணி நேரம் செய்ய வைத்தது. நல்ல கையைக் கட்டிவைத்த பிள்ளைகளுக்கும் அதே 90 மணி நேரம். 2011-ல் முடிவு வந்தது: இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறியது. வீட்டில் தேவையான வேலைகளை இலக்காக வைத்ததில் இருகைக் கூட்டம் கொஞ்சம் கூடுதலாகவே தேறியது. ஆஸ்திரேலியாவில் இதையே சர்க்கஸ் முகாமாக நடத்தினார்கள். அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக, எவ்வளவு நேரம், என்ன வேலை என்பதுதான் கணக்கு. கட்டுவது அதில் ஒரு கருவி. பல இடங்களில் முதலில் சில வாரம் யானை சாக்ஸ், அப்புறம் இருகை வேலை என்று சேர்த்தே செய்கிறோம்.

சாப்பாடு, எழுத்து இரண்டும் இடதுகையில். இதில் எனக்கு சந்தேகமே இல்லை. அவன் வலதுகை பெரியவனானதும் என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறது என்று யோசியுங்கள். நோட்டை அழுத்திப் பிடிக்கும், தட்டை நகராமல் வைத்திருக்கும், பாட்டிலைக் கவ்விக்கொள்ளும், மற்ற கை மூடியைத் திறக்கும். துணைக்கை. அந்த வேலையில் அதைக் கெட்டிக்காரக் கையாக்குவதுதான் நம் பாடு. அப்பத்தாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வலதுகையை ஆட்டுவிக்கிற மூளைப் பக்கத்தில்தான் அடிபட்டது, அதனால் இவனுக்கு இடதுகைதான் சோத்துக்கை.


ஒற்றைக்கை டைப்பிஸ்ட்
ஜூன் 10, இரவு 9.50

இந்தக் கேள்விக்குப் பிள்ளையின் பக்கத்திலிருந்து யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது. எனக்கு வயது 31, தூத்துக்குடி, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வலது பக்க ஹெமி. இதை இடதுகையால் தட்டுகிறேன்.

ஏழு வயதில் கோடை விடுமுறைக்கு வந்த அத்தை, எங்கேயோ கேள்விப்பட்டு, என் இடதுகையைத் தாவணித் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் கற்றது ஒன்றே ஒன்று, பல்லால் முடிச்சை அவிழ்ப்பது. இன்றைக்கும் அதில் நான் கில்லாடி.

கட்டைவிட மோசம் ஒன்று உண்டு. "வலதுகை, வலதுகை." அம்மா, அப்பா, டீச்சர், பக்கத்து வீட்டு மாமா, எல்லோரும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை. சொன்னால் எடுப்பேன், முகத்தைத் திருப்பினால் கை பழைய இடத்துக்குப் போய்விடும். சோம்பேறித்தனம் என்றார்கள். அது அப்படி இல்லை. உங்களுக்கு நடக்கும்போது கை தானாக வீசுகிறது இல்லையா, யாரும் அதை நினைத்துச் செய்வதில்லை. எனக்கு அந்தக் கையின் ஒவ்வொரு வேலையும் நினைத்துச் செய்கிற வேலை. பேசிக்கொண்டே, கணக்குப் போட்டுக்கொண்டே அதையும் நினைக்க முடியாது.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இன்னொன்று: என் வலதுகைக்குத் தொடுவது சரியாகத் தெரியாது. சட்டைப்பைக்குள் விட்டால் சாவி எது, ஐந்து ரூபாய் எது என்று சொல்ல மாட்டேன். வெளியே எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். சூடான டம்ளரை வலதுகையில் கொடுத்தால் சுடுவது தாமதமாகத் தெரியும், தெரிந்த பிறகு விடுவதற்கும் நேரமாகும். அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கையும் உண்டு. கொட்டாவி விட்டால் வலதுகை தானாக மேலே எழும்பும். ஆபீஸ் மீட்டிங்கில் கொட்டாவி வந்தால் ஏதோ சந்தேகம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.


பாப்பா அப்பா
ஜூன் 10, இரவு 10.30

தம்பி, நீங்கள் சொல்வது வலிக்கிறது, ஏனென்றால் நானும் அந்த நாற்பது தடவைக்காரன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சொல்லாமலே விட்டால் அந்தக் கை அப்படியே போய்விடாதா? என் மகள் போன வருடம் ஒரே வீச்சில் நெட்டையாக வளர்ந்தாள், முழங்கை இறுகிவிட்டது. விட்டதால்தான் என்று எனக்கு ஒரு குற்ற உணர்வு.


ஒற்றைக்கை டைப்பிஸ்ட்
ஜூன் 10, இரவு 10.52

அண்ணே, எனக்கும் பதிமூன்று வயதில் அதே இறுக்கம் வந்தது, தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதே. எலும்பு வேகமாக நீளும், இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்போது இரண்டு தடவை போட்டாக்ஸ் போட்டார்கள். மூன்று நான்கு மாதம் தசை தளர்ந்திருக்கும், அந்த நேரத்தில் பயிற்சி செய்தால் உண்டு, ஊசியை மட்டும் நம்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் தடவை பரீட்சை என்று பயிற்சியை விட்டேன், ஊசி வீண். இரண்டாவது தடவை செய்தேன்.

சொல்லாமல் விடச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்யுங்கள் என்கிறேன். என்ன என்று அக்கா சொல்லட்டும்.


ஓ.டி. அக்கா
ஜூன் 11, காலை 7.10

டைப்பிஸ்ட் தம்பி சொன்னதை எங்கள் துறை ரொம்ப காலம் கழித்துத்தான் புரிந்துகொண்டது. கை என்ன செய்ய முடியும் என்பதை அளக்க நிறைய சோதனைகள் இருந்தன. கேட்காமலே என்ன செய்கிறது என்பதை அளக்க இல்லை. 2003-ல் ஸ்வீடனில் லீனா கிரும்லிண்டே-சுண்ட்ஹோம், ஆன்-கிறிஸ்டின் எலியாசன் இருவரும் துணைக்கைக்கென்றே ஒரு மதிப்பீடு கொண்டுவந்தார்கள். பிள்ளை முன்னால் இரண்டு கை தேவைப்படுகிற பொம்மைகளைப் பரப்பி விளையாட விட்டு, வீடியோ எடுப்பார்கள். "இந்தக் கையால் எடு" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பிறகு வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கையை எடுத்தானா, எடுத்ததும் பிடித்தானா, பிடித்ததைத் தக்கவைத்தானா.

வீட்டிலும் கையைச் சொல்வதற்குப் பதிலாகப் பொருளை மாற்றுங்கள். வழுக்கும் தட்டில் நோட்டை வைத்தால் அது ஓடும், அவன் பிடித்தே ஆக வேண்டும். மூடி போட்ட டப்பாவில் பிஸ்கட்டைப் போடுங்கள். முருங்கைக்கீரை இருக்கிறதே, அதைவிட நல்ல தெரபி சாமான் கடையில் விற்பதில்லை: ஒரு கை காம்பைப் பிடிக்க வேண்டும், மற்ற கை உருவ வேண்டும், பிடித்த கை தளர்ந்தால் காம்பு கையோடு வந்துவிடும். பம்பரமும் அப்படித்தான். துணைக்கை பம்பரத்தைக் கவ்விக்கொண்டால்தான் மற்ற கை சாட்டையைச் சுற்ற முடியும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சுகமாக இருந்தால் செய்யுங்கள், குழந்தைக்கும் பாட்டிக்கும் நல்லது. அதனால் கை வேலை கற்காது. மற்றவர் ஆட்டிவிடுகிற கை எதையும் கற்பதில்லை.


முல்லைக்கொடி
ஜூன் 11, இரவு 11.05

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். கொட்டாவி இடத்தில் சிரித்தார், அத்தை கட்டிய இடத்தில் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இடதுகையால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போது அவன் வலதுகை விரல்களும் சும்மா காற்றில் திருகுகின்றன. இது வலிப்பின் அறிகுறியோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, வலதுகையால் எதையாவது எட்டி எடுக்கச் சொன்னால் கையை நீட்டாமல் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் சாய்த்து எடுக்கிறான், தோள் காதுவரை ஏறிவிடுகிறது. திருத்த வேண்டுமா?


ஓ.டி. அக்கா
ஜூன் 12, மதியம் 1.40

மூடி திருகும்போது மட்டும், அதே அசைவு மறு கையில் வருகிறதென்றால் அது பெரும்பாலும் கண்ணாடி அசைவு. மூளையின் ஒரு பக்கத்திலிருந்து இறங்கும் நரம்பு இழைகள் கழுத்துக்கு மேலே குறுக்கே கடந்து எதிர்ப்பக்கக் கைக்குப் போகின்றன. கருவில் கடக்காமல் அதே பக்கம் இறங்கும் இழைகளும் இருக்கும், அவை பிறகு பெரும்பாலும் அற்றுப்போகும். ஒரு பக்கம் சீக்கிரமே அடிபட்டால், நல்ல பக்கம் அந்த இழைகளை விடாமல் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தானே நடத்தப் பார்க்கும். ஒரே முதலாளி, இரண்டு கடை. ஒரு கடைக்குச் சொன்ன உத்தரவு மற்றதிலும் கேட்கிறது. இரண்டு கையும் ஒரே அசைவைச் செய்யும் சப்பாத்திக்கட்டை வேலையில் தொந்தரவில்லை. ஒன்று பிடிக்க ஒன்று திருக வேண்டிய இடத்தில் இடைஞ்சல். வலிப்பு இந்தப் பிள்ளைகளுக்கு வருவதும் உண்டு, அதனால் வீடியோ எடுத்து உங்கள் நரம்பியல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண் சொருகல், கூப்பிட்டால் திரும்பாதது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை வெட்டி வெட்டி இழுப்பது என்றால் காத்திருக்க வேண்டாம்.

உடம்பைச் சாய்ப்பது அவன் கண்டுபிடித்த குறுக்குவழி. முழங்கை முழுசாக நீளாது, முன்னங்கை திரும்பாது. மிச்ச தூரத்தை இடுப்பு போய் வாங்கி வருகிறது. அதற்காகத் திட்டக் கூடாது, அதுவும் ஒரு புத்திசாலித்தனம்தான். நாற்காலியில் முதுகு ஒட்ட உட்கார வைத்து, கை போகிற தூரத்துக்கு ஒரு விரற்கடை அப்பால் மட்டும் பொருளை வையுங்கள். பொருளின் நிலையையும் பாருங்கள். மேசையில் கிடக்கிற பென்சிலை உள்ளங்கை கவிழ்ந்தபடியே எடுக்கலாம். நிற்கிற டம்ளரைப் பிடிக்கக் கட்டைவிரல் மேலே வருமாறு கை பாதி திரும்ப வேண்டும். சில்லறை வாங்க முழுசாகத் திரும்ப வேண்டும், அதுதான் கடைசியில் வரும். டம்ளரிலிருந்து ஆரம்பியுங்கள்.


யாழ் மழை
ஜூன் 12, இரவு 8.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்ர மகளுக்கு ஏழு வயது, இடது பக்கம். அம்மம்மா ரொட்டிக்கு மா குழைக்கும்போது பிள்ளைக்கும் ஒரு உருண்டை கொடுத்துவிடுவா. ஒரு கையால் குழைத்தால் மா தட்டோடு சுற்றும், ரெண்டு கையும் போட்டால்தான் அடங்கும். இங்கே அக்கா சொன்ன விளக்கம் ஒன்றும் அம்மம்மாவுக்குத் தெரியாது, ஆனால் செய்வது அதைத்தான் போல.

எவ்வளவு நேரம் செய்தால் போதும் என்று யாராவது சொல்லுங்கோ. 90 மணித்தியாலம் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. நான் வேலைக்குப் போகிற ஆள்.


ஓ.டி. அக்கா
ஜூன் 13, காலை 6.45

நல்ல கேள்வி. கையின் பொதுவான திறமையே உயர வேண்டும் என்றால் 40 மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும் என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கு. ஒரே ஒரு வேலை, உதாரணமாகச் சட்டை ஜிப், அது மட்டும் வர வேண்டும் என்றால் 15 முதல் 25 மணி நேரம். நாளைக்கு அரை மணி என்றால் 80 நாளில் 40 மணி வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் 2009-ல் வெளியிட்ட வீட்டுப் பயிற்சி ஆய்வில், பெற்றோர் சராசரியாக மாதத்துக்குப் பதினேழு பதினெட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் செய்தார்கள். எட்டு வாரத்தில் பிள்ளைகள் முன்னேறினார்கள். காரணம், எந்த வேலை வேண்டும் என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுத்தது, அதை மட்டும் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த நினைப்பவர்கள்தான் இரண்டாவது வாரம் விட்டுவிடுகிறார்கள்.

குளிக்க வைப்பது, உடுத்துவதெல்லாம் எப்படியும் செய்கிறீர்கள். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். அந்தக் கை ஓட்டைக்குள் தானே தள்ளிக்கொண்டு போகும்வரை ஐந்து விநாடி பொறுங்கள். அந்த ஐந்து விநாடியும் கணக்கில் சேரும்.


பாப்பா அப்பா
ஜூன் 13, காலை 9.20

காசு விஷயம் யாரும் பேசவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் ஹெமி, மூளை முடக்குவாதத்தில் (செரிப்ரல் பால்சி) ஒரு வகை. அது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும். மாவட்டத் தலைநகரத்தில் அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே தெரபி இலவசம். கூட்டம் இருக்கும், டோக்கனுக்குக் காலையிலேயே போங்கள். கை மட்டும் என்றால் சதவீதம் குறைவாகப் போட்டுவிடுகிறார்கள் என்ற புகார் உண்டு. கால், பார்வை எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெமி பிள்ளைகள் சிலருக்கு ஒரு பக்கப் பார்வையும் அடிபட்டிருக்கும். என் மகளுக்கு அது ஆறு வயதில்தான் தெரிந்தது. அதுவரை தட்டில் இடது பக்கச் சோற்றை மிச்சம் வைக்கிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தோம்.


முல்லைக்கொடி
ஆகஸ்ட் 18, இரவு 10.10

யாராவது இந்த இழையை இன்னும் பார்க்கிறீர்களா?

அந்த சென்டரை விட்டுவிட்டோம். அரசு மையத்தில் ஒரு மேடம் பொறுமையாகப் பார்த்தார். முதல் ஆறு வாரம் சாக்ஸ், நாளைக்கு முக்கால் மணி நேரம் (எங்கள் சாக்ஸ் புலி, யானை வேண்டாம் என்றான்). இப்போது இரண்டு வாரமாக இருகை வேலை மட்டும். நாலு நாள் விட்டுப்போனது, காய்ச்சல். இலக்கு ஒன்றே ஒன்று வைத்தோம். பம்பரம்.

சொன்னபடி வீடியோ எடுத்தேன். ஜூன் மாதத்து வீடியோவில் பம்பரத்தைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு இடதுகையால் சாட்டையைச் சுற்றுகிறான். வலதுகை மடங்கி நெஞ்சில் இருக்கிறது, அது யாருடைய கையோ என்பது மாதிரி. இந்த வாரத்து வீடியோவில் பம்பரம் வலதுகையில் இருக்கிறது. பிடி சரியில்லை, கட்டைவிரல் இன்னும் பக்கவாட்டில்தான் வருகிறது. நாலு சுற்று வருவதற்குள் வலதுகையும் சேர்ந்து திருகி சாட்டை தளர்ந்துவிடுகிறது. அந்த முதலாளி, கடை கதைதான். இடதுகையை ரொம்ப மெதுவாகச் சுற்றினால் திருகல் குறைகிறது என்று அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். பம்பரம் இன்னும் ஒரு தடவைகூட நின்று சுற்றவில்லை. ஆணி குத்தித் தெருவில் ஓடுகிறது, பின்னாலேயே இவனும் ஓடுகிறான். ஓடும்போது கை மடங்கத்தான் செய்கிறது.

முருங்கைக்கீரை அப்பத்தா இலாகா ஆகிவிட்டது. "வலதுகை" என்று சொல்லக் கூடாது என்று மேடம் சொன்னதிலிருந்து அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, காம்பை மட்டும் அவன் முன்னால் நீட்டுகிறார். சாப்பாட்டு விஷயத்தில் வாதாடுவதை விட்டுவிட்டார், ஆனால் ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, "பையன் பீச்சாங்கையில சாப்பிடுறானே" என்றார். அப்பத்தா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இவனுக்கு அதுதான் சோத்துக்கை. நீ இலையப் பிடிச்சுக்கடா, காத்துல பறக்குது" என்றார். அவனும் வலதுகையை இலை ஓரத்தில் வைத்துக்கொண்டான்.

ஆடிக் கிருத்திகைக்குப் பழனி போயிருந்தோம். விபூதி வாங்கும்போது நான் வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து என் கையில் வாங்கப் போனேன். அவன் வலதுகையை நீட்டி, இடதுகையை அடியில் கொடுத்து உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டிருந்தான். திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் வரிசையில் தள்ளினார்கள். பூசாரி காத்திருந்து போட்டார். பாதி விரலிடுக்கில் சிந்திவிட்டது, மீதியை அப்பத்தா நெற்றியில் பூசப் போனான், எட்டவில்லை. அவர் குனிந்தார்.


ஒற்றைக்கை டைப்பிஸ்ட்
ஆகஸ்ட் 18, இரவு 10.31

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் அக்கா. பம்பரத்துக்கு ஒரு யோசனை: சாட்டையை ஒருமுறை தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். ஈரச் சாட்டை சீக்கிரம் நழுவாது. நான் அப்படித்தான் சுற்றினேன்.